மேடம்கிட்ட சொல்லியாச்சு

என் அறையில் இரண்டு நாற்காலிகள் உண்டு. நல்ல நாற்காலி எதிரே உட்காருபவருக்கு. எனக்கு இருப்பது ஒரு கால் லேசாக ஆடும் பழசு. பேச வருகிறவர் சாய்ந்து உட்கார்ந்தால்தான் மனசில் இருப்பது வெளியே வரும் என்பது என் அனுபவம். விசாரணைக்கு வந்த எனக்கு நீங்கள் கொடுத்திருக்கும் இந்த மர ஸ்டூலைப் பற்றி நான் குறை சொல்லவில்லை ஐயா. உங்கள் வேலை வேறு மாதிரி.

நான் கண்ணாடி வெட்டும் தொழிற்கூடம் ஒன்றில் பதினான்கு வருஷமாகப் பணியாளர் நல அலுவலர். அறுபத்திரண்டு பேரின் நலம் என் பொறுப்பு. ஜன்னல், மேஜை மேல்தகடு, கடை முகப்பு என்று எல்லா அளவிலும் கண்ணாடி வரும், வெட்டப்படும், விளிம்பு தேய்க்கப்பட்டுப் போகும். தேய்க்கும் இயந்திரங்கள் காலையில் ஆரம்பித்தால் பல் கூசும்படி கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். என் அறை மட்டும் மாடி மூலையில். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர். கீழே நடப்பதெல்லாம் தெரியும், எதுவும் கேட்காது. நல அலுவலருக்கு ஏற்ற அறை.

போன வருஷம் முதலாளி ஒரு மாநாட்டுக்குப் போய்வந்தார். போன இடத்தில் யாரோ பேசியிருக்கிறார்கள். வந்த கையோடு என்னைக் கூப்பிட்டு, ஊழியர்கள் தங்கள் உடல்நலம், மனநலம், குடும்பச் சிரமம் எதுவானாலும் பயமில்லாமல் வந்து சொல்ல ஒரு திட்டம் வேண்டும் என்றார். 'மனம் திறப்போம்' என்று பெயர் வைத்தது நான்தான். சுவரொட்டி அடித்தோம். பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெண், கீழே 'சொல்லுங்கள், நாங்கள் இருக்கிறோம்' என்ற வாசகம். நேரில் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காக வாசலில் ஒரு பெட்டி. நல்ல நாற்காலி வாங்கியதும் அப்போதுதான்.

எட்டு மாதம் ஒருவரும் வரவில்லை. ஒருவர் வந்தார், கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்ல. அதை மனம் திறந்த கணக்கில் சேர்க்க எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பெட்டியில் இரண்டு மிட்டாய்க் காகிதமும், கேன்டீன் டீயில் தண்ணீர் அதிகம் என்ற ஒரு துண்டுச் சீட்டும் கிடந்தன.

முதலாளி மாதா மாதம் கேட்பார். "என்ன மேடம், யாராவது திறந்தாங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"அறுபது பேருக்கும் மனசே இல்லையா?"

அந்த நிலைமையில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை டீ இடைவேளையில் ஸ்கேல் அண்ணன் என் அறைக் கதவைத் தட்டினார்.

அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன். வெட்டும் மேஜையில் இருபத்தோரு வருஷம் நின்றவர். அளவுகோல் வைக்காமலே நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு இழுப்பார். அதனால்தான் ஸ்கேல். அவர் கோடு இழுத்துவிட்டு அடியில் ஒரு தட்டு தட்டினால், கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகப் பிரியும். அவருடைய பெயர் எனக்கே சம்பளப் பதிவேட்டைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். அதிகம் பேசாத மனுஷர். பேசினால் சுற்றிவளைக்க மாட்டார்.

அன்றைக்கு உட்காரவே யோசித்தார்.

"பேன்ட்ல கண்ணாடித் தூள் இருக்கும் மேடம். சேர்ல ஒட்டிக்கும்."

நான் ஒரு செய்தித்தாளை விரித்துப் போட்டேன். இதுபோன்ற சின்னச் சின்ன விஷயங்களில்தான் நம்பிக்கை வளர்கிறது. உட்கார்ந்தார். சாயவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த கடிதத்தை எடுத்து வைத்தார்.

ஒரு மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தாரே, அது சாதாரணக் கால்வலி இல்லையாம். காலில் ரத்தம் கட்டி, அது மேலே ஏறி நுரையீரலில் போய் அடைத்துவிட்டதாம். பிழைத்ததே பெரிய விஷயம் என்றார்களாம். இனி ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும்.

"வேலைக்குப் போகலாம்னு டாக்டரே சொல்லிட்டாங்க மேடம். ஆனா வேலை செய்ற இடத்துல சொல்லிடணும்னு சொன்னாங்க. நான் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். வீட்ல விடல. நீங்க போஸ்டர் ஒட்டியிருக்கீங்கன்னு சொன்னேன், அப்ப போய்ச் சொல்லுங்கன்னுட்டா."

அவர் மனைவி ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறவர். புருஷன் கண்ணாடி, பெண்டாட்டி துணி. இரண்டு பேருமே கோணல் பிடிக்காதவர்கள்.

கடிதம் அரைப் பக்கம்தான். டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். இந்த நபர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை நீண்ட காலத்துக்கு எடுத்துக்கொள்கிறார். வெட்டுக்காயம் பட்டால் ரத்தம் நிற்க அதிக நேரம் ஆகலாம். பெரிய தகடுகளை ஏற்றி இறக்கும் வேலையைத் தவிர்ப்பது நல்லது. தலையில் அடிபட்டால், வெளியே காயம் தெரியாவிட்டாலும், ஆள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும். மருந்து சாப்பிடுகிறார் என்பதை அங்கே முதலில் சொல்ல வேண்டும். கடைசி வரிக்கு அடியில் கோடு போட்டிருந்தது.

நான் முழுவதையும் படித்தேன். இரண்டு முறை. படிக்கவில்லை என்று நான் எந்தக் கட்டத்திலும் சொன்னதில்லை.

"நீங்க தைரியமா வந்து சொன்னது ரொம்ப நல்ல விஷயம்ணே" என்றேன். "இது இந்த அறையை விட்டு வெளிய போகாது. கவலைப்படாதீங்க."

அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"வெளிய போகணும் மேடம். அதுக்குத்தானே சொல்றேன். சூப்பர்வைசருக்குத் தெரியணும், முதலுதவிப் பெட்டி வெச்சிருக்கிற அக்காவுக்குத் தெரியணும். நான் நெனவில்லாம விழுந்து கெடந்தா என் வாய் பேசாதுல்ல. வேற யாராவது சொல்லணும்ல."

ரகசியம் காப்பது என்பது நம் ஆட்களுக்கு எவ்வளவு புதிய விஷயம் பாருங்கள். தங்களுடைய உரிமையே தங்களுக்குத் தெரிவதில்லை. "அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குண்ணே, நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

தலையாட்டினார். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, கடிதத்தின் நகல் ஒன்றையும் எடுத்து நீட்டினார். "வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னா." 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். உங்கள் கோப்பில் பார்த்திருப்பீர்கள்.

அவர் படியிறங்கிப் போனதும் நான் செய்த முதல் காரியம் முதலாளிக்குப் போன் செய்தது. பெயரைச் சொல்லவில்லை, நோயைச் சொல்லவில்லை. "ஒருத்தர் திறந்துட்டார் சார்" என்று மட்டும் சொன்னேன். அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"பிரச்சினை தீர்ந்துச்சா?"

"தீர்த்துட்டேன் சார்."

அந்த மாத அறிக்கையில் எழுதினேன். வந்தவை ஒன்று. தீர்க்கப்பட்டவை ஒன்று. முதலாளி அதை எல்லோரும் கூடியிருந்த கூட்டத்தில் வாசித்தார். நூற்றுக்கு நூறு என்றார். கைதட்டினார்கள். ஸ்கேல் அண்ணனும் கடைசி வரிசையில் நின்று கைதட்டினார். தான்தான் அந்த ஒன்று என்று அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லை.

நான் எதுவும் செய்யாமல் இருந்தேன் என்று நீங்கள் நினைக்கக் கூடாது. பணி மாற்றப் படிவத்தை எடுத்து வைத்தேன். அதில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும். போடுவதற்குமுன் 'காரணம்' என்ற கட்டத்தைப் படிப்பார். காரணத்தை எழுதினால் ரகசியம் போய்விடும். எழுதாவிட்டால் படிவம் செல்லாது. இரண்டு நாள் அந்தப் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள். கடைசியில் கடிதத்தையும் படிவத்தையும் ஒரு உறையில் போட்டு, மேலே 'அந்தரங்கம்' என்று எழுதி, அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரு மனிதரின் நோயை அவ்வளவு கண்ணும் கருத்துமாக யாரும் பாதுகாத்திருக்க மாட்டார்கள்.

அவர் இன்னும் இரண்டு முறை வந்தார்.

முதல் முறை வாசலிலேயே நின்றார். "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டீங்களா மேடம்? இன்னும் என்னைத்தான் தகடு இறக்கக் கூப்பிடறார்."

"நடவடிக்கைல இருக்குண்ணே."

நடவடிக்கை என்ற சொல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. அதைக் கேட்டதும் ஆட்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அவரும் போய்விட்டார்.

இரண்டாம் முறை உள்ளே வந்தார். அப்போது ஒரு பெரிய கட்டடத்தின் முகப்புக்கு ஆர்டர் வந்து, கூடமே இடுப்பொடிய வேலை செய்துகொண்டிருந்தது. அவர் விரல் நுனியில் கட்டுப் போட்டிருந்தார். சின்னக் கீறல்தான், கண்ணாடிக்காரர்கள் வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறந்துபோகிற மாதிரி. அது நிற்க முக்கால் மணி நேரம் ஆனதாம்.

"நீங்க வேலையா இருக்கீங்க மேடம். நானே சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடட்டுமா? ஒரு வார்த்தைதானே."

எனக்கு லேசாக வருத்தமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். என்னிடம் ஒப்படைத்த விஷயம். தீர்ந்துவிட்டது என்று நான் எழுதிக் கொடுத்துவிட்ட விஷயம். இப்போது அவர் போய் சூப்பர்வைசரிடம் சொன்னால், 'மேடம்கிட்ட சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு' என்றும் சேர்த்துத்தான் சொல்வார். திட்டத்தின் பெயர் கெட்டுப்போகும். ஒரு திட்டத்தின் பெயர் கெட்டால் அதை நம்பி நாளைக்கு வரப்போகிற எத்தனையோ பேர் வராமல் போவார்கள். ஒருவருக்காக அத்தனை பேரையும் கைவிட முடியுமா?

"தாராளமா சொல்லுங்கண்ணே, உங்க விருப்பம்" என்றேன். "ஆனா யோசிச்சுக்கோங்க. ரத்தம் நிக்காத ஆளைக் கண்ணாடி மேஜையில நிக்க வெக்கலாமான்னு யாராவது ஒரு கேள்வி கேட்டுட்டா, அப்புறம் அது என் கையில இல்ல. இருபத்தோரு வருஷம் நின்ன இடம்."

மிரட்டினேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. அவர் கட்டுப் போட்ட விரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். கீழே அவருடைய மேஜை தெரிந்தது. அதைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு "சரி மேடம், நீங்களே பார்த்துக்கோங்க" என்று எழுந்து போனார்.

அந்த வாரமே அவர் மனைவி போன் செய்தார்.

"மேடம், அவர் விஷயத்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்கதானே? இவர் கேட்டா மென்னு முழுங்கறார்."

"எல்லாம் கவனிச்சாச்சும்மா. நீங்க நிம்மதியா இருங்க."

"நல்லா இருப்பீங்க மேடம்" என்றார் அந்தப் பெண். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலையில் நன்றி என்பது அபூர்வம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று பதினோரு மணிக்கு வேறு மூன்று நிறுவனங்களிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது, 'மனம் திறப்போம்' எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க. ஏழு பேர். காலையிலிருந்து கூடத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தோம். அவர்களை அழைத்துவரக் கம்பெனி கார் போயிருந்தது.

பத்து இருபதுக்குக் கீழே தகடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் குறுக்குக் கம்பி ஒன்று கொக்கி கழன்று, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஸ்கேல் அண்ணனின் காதுக்கு மேலே தட்டியது. நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்கவில்லை. அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷத்தில் எழுந்துவிட்டார். ரத்தம் இல்லை. எழுந்தவர் தன் மேஜைக்குப் போகவில்லை. நேராக என் மாடிப்படியைப் பார்த்து நடந்தார். சூப்பர்வைசரும் பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணும் இல்ல மேடம், லேசா தட்டிடுச்சு" என்றார் சூப்பர்வைசர். நல்ல மனுஷர்தான், வேலை முடிய வேண்டும் என்ற பரபரப்பு. "வீக்கம்கூட இல்ல. இவர் என்னடான்னா ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்கறார்."

"நான் மாத்திரை சாப்பிடறேன்" என்றார் ஸ்கேல் அண்ணன்.

"நானுந்தான்யா சாப்பிடறேன். இந்த வேலையில தலைவலி மாத்திரை சாப்பிடாதவன் யாரு?"

"அந்த மாத்திரை இல்ல. மேடம், நீங்க சொல்லுங்க இவர்கிட்ட. மேடம்கிட்ட சொல்லியாச்சு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் கேட்டார். "என்ன மேடம்?"

"தனிப்பட்ட விஷயம். நீங்க கீழ போங்க, ஆளுங்க வர்ற நேரம்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இறங்கிப் போனார்.

ஸ்கேல் அண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உடனே போகணும்னு எழுதியிருந்தாரே மேடம் டாக்டரு."

"கார் வந்துட்டிருக்குண்ணே. அதுவரைக்கும் ஓய்வறையில படுங்க."

அது பொய் இல்லை. கார் வந்துகொண்டுதான் இருந்தது. அதில் ஏழு பேர் இருந்தார்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கப்போவது தெரிகிறது. கூப்பிட்டிருக்கலாம். ஆனால் ஊழியர் நலத்தைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் முதலில் பார்ப்பது ஆம்புலன்ஸாக இருந்தால் என்ன நினைப்பார்கள்?

அவர் ஓய்வறைக்கு நடந்தார். அவருடைய போன் லாக்கரில் இருந்தது, கூடத்துக்குள் போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. ஓய்வறையில் கட்டில் உண்டு, மின்விசிறி உண்டு. ஈரத்துணி போடச் சொல்லி, முதலுதவிப் பெட்டி வைத்திருக்கும் பேக்கிங் பிரிவு அக்காவை உள்ளே அனுப்பினேன். அவளுக்கும் விஷயம் தெரியாது.

வந்தவர்களுக்கு நாற்பது நிமிஷம் விளக்கினேன். நன்றாகப் பேசினேன் என்று பிறகு சொன்னார்கள். ஒரு அம்மாள் கேட்டார், "இதுவரைக்கும் எத்தனை பேர் வந்து சொல்லியிருக்காங்க?"

"ஒருத்தர்."

"அவர் இப்ப எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். இங்கதான் இருக்கார்."

அப்போதுதான் பேக்கிங் அக்கா கதவைத் திறந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என் காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்னாள். "மேடம், ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டார். நாக்கு கொழறுது. கார் வந்துச்சா, கார் வந்துச்சான்னே கேட்டுட்டிருந்தார். இப்ப அதுவும் கேக்கல."

வந்தவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அது வந்தபோது மணி பன்னிரண்டு பத்து. அதற்குள் அவருடைய லாக்கரை மாற்றுச் சாவியால் திறந்தேன். வீட்டு முகவரி, மனைவியின் எண் எல்லாம் தேவைப்படும் அல்லவா. பர்ஸில் ஒரு மஞ்சள் அட்டை இருந்தது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று தடித்த எழுத்தில் அச்சடித்து, கீழே டாக்டரின் போன் எண். அதை எடுத்து என் கைப்பையின் உள்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். பர்ஸை சூப்பர்வைசரிடம் கொடுத்தேன்.

ஆம்புலன்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனது நான்தான். வழி முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசரும் எதிரே இருந்தார்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். சின்னப் பெண். படபடவென்று கேட்டாள். எப்போது அடிபட்டது, எதில் பட்டது, சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா.

"ஏதாவது மாத்திரை ரெகுலரா சாப்பிடறாரா? ரத்தம் உறையாம இருக்க ஏதாவது? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சு இல்ல டாக்டர்" என்றேன். எந்த மாத்திரை என்று தெரியாத சூப்பர்வைசர் என் பதிலையே நம்பினார்.

அவர் மனைவிக்கு நான்தான் போன் செய்தேன். ஒன்று இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை விஷயம் சொல்லிட்டீங்கல்ல?" நான் பதில் சொல்வதற்குள் அது டாக்டரின் காதில் விழுந்துவிட்டது. அவள் உள்ளே ஓடினாள். அதே நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்ததாகச் சொன்னார்கள். ஆக, நான் வாயைத் திறக்காததால் வீணானது ஐம்பது நிமிஷம்தான். அதற்கு முன்னால் ஓய்வறையில் போன நேரத்தை அதோடு கூட்டுவது உங்கள் இஷ்டம்.

மண்டைக்குள் ரத்தம் கசிந்து தேங்கியிருந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் மாற்று மருந்து கொடுத்தார்கள், தலையைத் திறந்தார்கள். உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போய்விட்டன. அந்த டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அடிபட்டதும் கூட்டிட்டு வந்து, மாத்திரை சாப்பிடறார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரத்தக் கசிவை நிறுத்தியிருக்கலாம்." நிறுத்தியிருக்கலாம் என்றுதான் சொன்னாள். நிறுத்தியிருப்போம் என்று சொல்லவில்லை. குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரம் கழித்து, விதிப்படி, அவரைப் பார்த்து வாக்குமூலம் வாங்கப் போனேன். சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"யார் மேலயும் வருத்தம் இல்லையேண்ணே?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் நிறைய நேரம் கொடுத்தேன். முழுசாக ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. 'புகார் ஏதும் இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

அவர் மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டார். "அவர் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தாரே மேடம்."

"என்ன சொன்னார்ம்மா?" என்றேன்.

அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார், தைக்க வந்தவரை அளவெடுப்பதுபோல. "சரிங்க" என்றார். மறுநாள் காலையில் என் கையெழுத்துப் போட்ட நகல் உங்கள் மேஜைக்கு வந்துவிட்டது. என்னிடம் இருந்த கடிதத்தை விபத்து நடந்த மாலையே காகிதம் நறுக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டேன். தீர்ந்துபோன விஷயங்களின் காகிதங்களை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று எங்கள் கோப்பு விதியில் இருக்கிறது. மஞ்சள் அட்டை இதோ, என் பையில்தான் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நேரம் திட்டம், ரகசியம் என்றெல்லாம் நான் சொன்னது உண்மைதான். ஆனால் டாக்டர் கேட்ட அந்த நொடியில் அவை எதுவும் என் மனசில் இல்லை. அதைச் சொல்லத்தான் நீங்கள் காத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது.

அவள் கேட்டதும் கடிதத்தின் கடைசி வரி, கோடு போட்ட வரி, கண் முன்னால் அப்படியே வந்தது. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரியும். சூப்பர்வைசர் என் வலது தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். நான் ஆமாம் என்றால் அவர் திரும்பி, "அப்ப ஏன் மேடம் என்கிட்ட சொல்லல?" என்று கேட்பார். அவ்வளவு பேர் நடுவில், ஒரு சூப்பர்வைசர் என்னைக் கேள்வி கேட்பார். அது எனக்குச் சங்கடமாக இருந்தது. வேறு காரணம் இல்லை. அந்தச் சங்கடம் வேண்டாம் என்றுதான் இல்லை என்றேன். கூட்டிக்கொண்டு போகாமல் படுக்க வைத்ததும், அட்டையை எடுத்து ஒளித்ததும், கடிதத்தை அழித்ததும் நான்தான். எல்லாம் தெரிந்தே செய்தேன். இதை எழுதிக்கொள்ளலாம். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

வேலையிலிருந்து நானே விலகிவிட்டேன். போன வாரம் வேறொரு நிறுவனத்தில் இதே பதவிக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். விண்ணப்பத்தின் முடிவில் ஒரு கட்டம் இருந்தது. உங்களைப் பற்றி நாங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியது ஏதேனும் உண்டா என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. நேரம் எடுத்து, பழைய விஷயங்களை எல்லாம் ஒருமுறை மனசில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் 'இல்லை' என்று எழுதினேன். இருந்தால் எழுதியிருப்பேன் ஐயா, மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.